தடமும் பின்தாங்கியும்

பனிக்கரைப்பட்டியில் வேலைக்குப் போய்த் திரும்புகிறவர்கள் வீட்டுக்குள் நுழையும் முன் பட்டறை வாசலில் நின்று உயரம் அளந்துகொள்ள வேண்டும். முதலில் வண்டிக்கு, பிறகு ஓட்டியவனுக்கு. வண்டியின் பின்புறம் காலையில் இருந்ததைவிட ஒரு விரற்கடை தாழ்ந்திருந்தால் அது பட்டறைக்குள் போகும். ஓட்டியவன் ஒரு விரற்கடை குறைந்திருந்தால் மறுநாள் முழுக்க மல்லாந்து படுத்துக் கிடப்பான். இரண்டுக்கும் ஒரே அளவுகோல்தான். அதை யாரும் மானக்கேடாக நினைப்பதில்லை.

செவ்வாயில் ஈர்ப்பு குறைவு. பூமியிலிருந்து வந்து இறங்குகிற எவனுக்கும் சில மாதங்களில் முதுகெலும்பு தளர்ந்து உயரம் கொஞ்சம் கூடிவிடும். சுவரோரம் நின்று படமெடுத்து ஊருக்கு அனுப்பி, "பாத்தியா, வளந்துட்டேன்" என்று பீற்றிக்கொள்வான். அதன்பிறகு வடமுனைத் தடத்தில் நாலு நடை வண்டி ஓட்டுவான். கிரகம் கொடுத்ததைத் தடம் திருப்பி வாங்கிக்கொள்ளும்.

பனிக்கரைப்பட்டிக்காரர்கள் வடமுனைப் பாளத்தில் பனி வெட்டுகிறவர்கள். அவர்கள் வெட்டியதைக் குடிப்பது நடுவூர். நடுவூரில் கண்ணாடிக் குவிமாடம், மருத்துவமனை, விண்கலத்துறை எல்லாம் உண்டு. இரண்டுக்கும் நடுவே அரைநாள் ஓட்டம். பறந்து போனால் என்ன என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். அங்கே காற்று அவ்வளவு மெலிசு. ஓர் ஆளைத் தூக்குகிற இறக்கையை விரித்தால் பாதி ஊருக்குப் பந்தல் போட்டதுபோல் ஆகிவிடும். ஆகவே தரைவழிதான், தரையென்றால் பனிதான், பனியென்றால் பனியோடிதான்.

பனியோடிக்கு முன்னால் இரண்டு சறுக்குக் கட்டைகள், பின்னால் சுழலும் நீளமான பட்டை. பார்க்கிறவர்கள் கண்ணெல்லாம் முன்னாலுள்ள விளக்கிலும் சறுக்கிலும் நிற்கும். பாரமெல்லாம் பின்னால்தான். பட்டைக்குள் ஒளிந்திருக்கும் இரண்டு தண்டுகள், சின்னச் சின்னச் சக்கரங்கள், ஸ்பிரிங், எண்ணெயும் வாயுவும் அடைத்து அதிர்வை அடக்கும் ஷாக், இந்தக் கூட்டுக்குடும்பத்துக்குப் பின்தாங்கி என்று பெயர். ஓட்டுகிறவனின் முதுகுக்கும் பனிக்கும் நடுவே கிடந்து எல்லா உதையையும் வாங்கிக்கொள்வது அதுதான். வாயில்லா மருமகளைப்போல, உடைகிற வரைக்கும் அதை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

ஏறெடுத்துப் பார்க்கிற ஒரே ஆள் செண்பகவல்லி. பட்டறையின் பொறுப்பு அவளுடையது. ஊரில் எல்லாருக்கும் வல்லியக்கா. வண்டி உள்ளே வந்ததும் முதல் வேலையாகப் பட்டை இடுக்கில் உறைந்த பனியைச் சூடு காட்டி எடுப்பாள். அந்தக் குளிரில் சாதாரண கிரீஸ் கல்லாகிவிடும், ரப்பர் அப்பளம்போல் நொறுங்கும். ஆகவே மூட்டுக்கு மூட்டு விரல்விட்டுப் பார்ப்பாள். தண்டுகளுக்கு அடியில் வழுக்குவதற்காகப் பொருத்திய தேய்பட்டைகளைத் தடவிப் பார்ப்பாள். தேய்பட்டைக்கு எண்ணெய் என்று தனியாக எதுவும் கிடையாது. ஓட்டத்தில் தெறிக்கும் பனித்தூள்தான் அதைக் குளிர்வித்து வழுக்க வைக்கும். தடம் பாறையாக இறுகித் தூள் கிடைக்காமல் போனால், நூறு பாகைக் குளிருக்கு நடுவிலும் அது சூடேறி உருகி ஒட்டிக்கொள்ளும். பனிக்கரைப்பட்டித் தடத்தில் தூள் என்பதைக் கண்டு வருடங்களாகிவிட்டன.

தடம் அப்படியானதற்கு யார் குற்றவாளி என்று கேட்டால், எல்லாரும்தான். காற்று செதுக்கிய ஒரு சின்ன மேட்டில் ஒரு வண்டி ஏறிக் குதிக்கும். இறங்கிய இடத்தில் ஒரு குழி விழும். அடுத்த வண்டி அதே குழியில் விழுந்து எழும்பி, அடுத்த குழியைத் தோண்டும். நல்ல பின்தாங்கி மாட்டிக் கொடுத்தால் வேகமாக ஓட்டுவார்கள். வேகமாக ஓட்டினால் குழி ஆழமாகும். ஆழமானால் வல்லியிடம் இதைவிட நல்ல பின்தாங்கி கேட்பார்கள். தன் திறமைதான் ஊரின் இடுப்பை ஒடிக்கிறதோ என்று அவளுக்கே சில நாள் சந்தேகம் வந்துவிடும்.

தடத்தைச் சமன் செய்ய எந்திரமே இல்லையா என்றால், இருந்தது. சமனி என்று பெயர். யானைக்கூட்டம்போல் அகலம். மேட்டைச் சீவி, குழியை நிரப்பி, அழுத்தி, மேலே மெல்லிய தூளும் தூவிவிட்டுப் போகும். நடுவூர்க் கொட்டகையில் துடைத்துவைத்த குத்துவிளக்காக நின்றுகொண்டிருந்தது. அதை ஏவும் அதிகாரம் ஆட்சிப்பொறியிடம் இருந்தது. மனிதர் கையில் நிர்வாகத்தைக் கொடுத்தால் வேண்டியவன் வேண்டாதவன் பார்ப்பார்கள் என்று, பாரபட்சமே அறியாத பொறியிடம் செவ்வாயின் ஆட்சியை ஒப்படைத்திருந்தார்கள். எது கேட்டாலும் சட்டென்று பதில் சொல்லும். தடத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் எப்போதும் ஒரே பதில்: "தடம் பயன்பாட்டுக்கு உகந்த நிலையில் உள்ளது. பின்தாங்கிகளைப் பராமரித்துக்கொள்ளவும்."

வல்லியும் பராமரித்துக்கொண்டுதான் இருந்தாள், தங்கை கோமதிக்கு எட்டாம் மாதம் பிறக்கும் வரைக்கும்.

கோமதி பனிக்குழியில் கணக்கெடுப்பு வேலை பார்த்தவள். அவள் புருஷன் சுடலையும் அங்கேயே வேலையில் இருந்தான். முதல் பிள்ளை. நடுவூர் மருத்துவமனை தொலைவிலிருந்தே அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு ஒரு செய்தி சொன்னது: நஞ்சுக்கொடி கீழே இறங்கிக் கர்ப்பவாயை மறித்துக்கொண்டிருக்கிறது. அறுத்துத்தான் எடுக்க வேண்டும். வலி எடுக்கும் முன் நடுவூர் வந்துசேர வேண்டும். வரும் வழியில் குலுங்கக் கூடாது. குலுங்கி ரத்தம் போகத் தொடங்கினால் இரண்டு உயிரும் தடத்திலேயே முடிந்துவிடும்.

மூச்சுவிடக் காற்று அடைத்த கூண்டு ஒன்றைப் பனியோடியின் பின்னால் பூட்டி ஆட்களைக் கொண்டுபோவது வழக்கம். கூண்டுக்கும் அதே பின்தாங்கிதான். வல்லி இருந்த ஷாக்குகளிலேயே நல்லதை எடுத்து மாட்டிப் பார்த்தாள். ஸ்பிரிங்கைத் தளர்த்தினாள், இறுக்கினாள். கூண்டுக்குள் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து ஊர் எல்லைவரை ஓட்டிப் பார்த்தாள். திரும்பியபோது குவளை மூலையில் கவிழ்ந்து கிடந்தது. மெதுவாகப் போகலாம் என்றால் மின்கலம் குளிரில் பாதி வழியிலேயே படுத்துவிடும்.

"அக்கா, உண்மையச் சொல்லு. நான் போய்ச் சேந்துருவனா?" என்று கேட்டாள் கோமதி.

"ஏட்டி, உன் அக்கா ஷாக் மாட்டுன வண்டி எதாவது வழியில நின்னுருக்கா?"

"வண்டி நிக்காது. அது எனக்குத் தெரியும்."

வல்லி குவளையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அம்மா போனபிறகு அவள் எடுத்து வளர்த்த பிள்ளை கோமதி. உலகத்தில் வல்லிக்கென்று வேறு யாருமில்லை.

அந்த நேரத்தில்தான் நிலாத் தலைமையகத்திலிருந்து ஓர் ஆய்வாளர் வருகிறார் என்ற செய்தி வந்தது. பெயர் தேவசகாயம். மற்றக் குடியிருப்புகளில் வருடக்கணக்கில் உழைக்கும் பின்தாங்கிகள் பனிக்கரைப்பட்டியில் மட்டும் ஏன் மாதக்கணக்கில் சாகின்றன என்று நேரில் பார்க்க வருகிறாராம். வல்லிக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. உடைந்த தண்டுகள், வாயு போன ஷாக்குகள், உருகின தேய்பட்டைகள் எல்லாவற்றையும் பட்டறைத் தரையில் பரப்பி வைத்தாள்.

ஊர்த்தலைவர் மாசானமுத்து வந்து எட்டிப்பார்த்தார். தலைவரான நாளிலிருந்து அவர் ஊர் எல்லையைத் தாண்டியதே கிடையாது. நாற்காலியை விட்டு அந்தப் பக்கம் போனால் இந்தப் பக்கம் எவனாவது உட்கார்ந்துவிடுவான் என்ற பயம். மற்றபடி கெட்ட மனிதர் இல்லை.

"என்ன வல்லி, பழைய இரும்பு ஆக்கர் கடை போட்டுருக்க? வாறவரு என்ன நெனைப்பாரு? நம்ம ஊருல பெரிய வண்டி ஒண்ணுக்கு நல்ல பின்தாங்கியா மாட்டி நடுவூருக்கு அனுப்பு. அவரு நோகாம வந்து இறங்கட்டும்."

"மாட்ட மாட்டேன் அண்ணாச்சி. நாம போற வண்டியிலயே அவரும் வரட்டும். நாலு குதி குதிச்சா பேனா தானா கையெழுத்துப் போடும்."

"விருந்தாளிக்கு இடுப்ப ஒடிச்சி அனுப்புறது நம்ம பழக்கமாட்டி?"

"அவரு இடுப்பு ஒடிஞ்சாத்தான் என் தங்கச்சி பொழைப்பா" என்றாள் வல்லி. மாசானமுத்து வரவேற்பு வளைவு கட்டப் போய்விட்டார்.

ஆய்வாளர் வரும் நாளுக்கு முன்பே தடத்தில் போக்குவரத்து நிறுத்தப்பட்டுவிட்டது. ஆட்சிப்பொறியின் உத்தரவு. பனிக்கட்டி ஏற்றிய வண்டிகள் ஊர் எல்லையில் வரிசையாக நின்றன. வண்டிக்காரர்கள் உள்ளே உட்கார்ந்து சீட்டாடினார்கள். நடுவூரில் தண்ணீர் குறையுமே என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பெரிய மனிதர் வரும்போது தண்ணீர் நிற்பது உலக வழக்கம்தானே.

வளைவருகே வல்லி காத்திருந்தாள். வண்டி வந்து, கூண்டு கதவோடு ஒட்டி, கதவு திறந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகியபடி ஒருவர் இறங்குவார் என்று பார்த்தால், கையில் பாதி குடித்த காப்பிக் கோப்பையோடு தேவசகாயம் இறங்கினார். கோப்பைத் தட்டில்கூடச் சொட்டுச் சிந்தியிருக்கவில்லை.

"வணக்கம், வணக்கம். ரொம்ப அருமையான தடம்" என்றார். "வழியில ஒரு குட்டித் தூக்கமே போட்டுட்டேன்னா பாத்துக்கோங்க."

தேவசகாயம் பட்டறைக்கு வந்து, பரப்பி வைத்திருந்த உடைசல்களை ஒவ்வொன்றாகக் கையிலெடுத்துப் பார்த்தார். நல்ல மனிதர், பொறுமைசாலி. எதையும் ஏளனமாகப் பார்க்கவில்லை. அதுதான் வல்லிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"இவ்வளவு நல்ல தடத்துல இத்தனை எப்படிம்மா உடையுது? ஓட்டுறவங்களுக்குச் சரியான பயிற்சி இல்லையோ?"

"சார், நீங்க வந்த தடம் வேற. முந்தாநாள் நீங்க வந்திருக்கணும்."

"ஒரே தடம்தானேம்மா இருக்கு?"

"என் தங்கச்சி எட்டு மாசம் சார். குலுங்கக் கூடாதுன்னு டாக்டரு சொல்லிருக்காவ. உங்க கூண்டுல நடுவூர் வரைக்கும் ஒரு ஓரமாக் கூட்டிட்டுப் போயிருவீங்களா?"

அவர் முகம் உண்மையாகவே இளகியது. "ஆய்வு வண்டியில வேற ஆளை ஏத்த அனுமதி இல்லம்மா. ஆனா எதுக்குக் கவலைப்படுறீங்க? தடம்தான் பாய் விரிச்ச மாதிரி கிடக்கே. நான் போனதும் உங்க வண்டியிலயே தாராளமாக் கூட்டிட்டு வாங்க."

அதுவும் சரிதான் என்று வல்லி ஓடினாள். ஆய்வாளர் புறப்பட்டு எல்லையைத் தாண்டிய உடனே கோமதியைக் கூண்டில் ஏற்ற ஆரம்பித்தாள். கூண்டில் ஆளை ஏற்றி, காற்றடைத்து, கசிவு பார்த்து, பூட்ட நேரம் பிடிக்கும். அதற்குள் தடம் திறக்கப்பட்டுவிட்டது. நாள்கணக்காக நின்றிருந்த பனிவண்டிகள் அத்தனையும், அமைச்சர் போனபின் திறந்துவிட்ட சாலை வாகனங்களைப்போல, ஒன்றையொன்று முந்திக்கொண்டு பாய்ந்தன. சமமான தடத்தைக் கண்டதும் அவர்களுக்கும் கை துறுதுறுத்தது. வேகம், வேகத்துக்கு மேல் வேகம். வல்லி கூண்டோடு எல்லைக்கு வந்தபோது முதல் திருப்பத்துக்கு அப்பால் பழைய குழிகள் பிறந்து வளர்ந்திருந்தன. தங்கையைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்தாள்.

சில நாளில் அறிக்கை வந்தது. தேவசகாயம் தாம் கண்டதை மட்டும் நேர்மையாக எழுதியிருந்தார். பனிக்கரைப்பட்டித் தடம் முன்மாதிரியானது. பின்தாங்கிகள் உடைவதற்குப் பராமரிப்புக் குறைவே காரணம். உதிரிப்பாகங்களை இனிப் பாதியாகக் குறைத்து அனுப்பினால் பட்டறைக்குப் பொறுப்பு வரும்.

வல்லி நேரே மாசானமுத்து வீட்டு வாசலில் போய் நின்றாள். "என் குடியக் கெடுத்துட்டீங்களே அண்ணாச்சி! வாறவருக்குத் தடத்தச் சமன் பண்ணச் சொல்லி யாரு உங்களக் கேட்டா?"

"ஏ தாயி, என் பிள்ள மேல சத்தியமாச் சொல்லுதேன், நான் சொல்லவே இல்ல. நான் வளைவு மட்டுந்தான் கெட்டுனேன். அந்தச் சமனி தானா வந்துச்சு, தானா போச்சு."

அவர் பொய் சொன்னால் மூக்கு நுனி சிவக்கும். அன்று சிவக்கவில்லை. வல்லி பட்டறைக்குத் திரும்பி, சுவரிலிருந்த பேசியில் ஆட்சிப்பொறியை அழைத்தாள்.

"நாங்க எத்தன தடவ கேட்டோம். ஒருதடவையும் சமன் பண்ணல. அவரு வந்தா மட்டும் எப்படிப் பண்ணுன?"

"விதிப்படி செய்யப்பட்டது" என்றது ஆட்சிப்பொறி. அதன் குரலில் கோபமும் இல்லை, குழைவும் இல்லை.

"எந்த விதி? அத யாரு உனக்குச் சொல்லித் தந்தா?"

"யாரும் சொல்லித் தரவில்லை. சாலைகளை எப்போது சீரமைக்க வேண்டும் என்பதற்குப் பூமியில் எழுதிய விதிகள் பல உண்டு. அவற்றை யாரும் பின்பற்றியதாகத் தெரியவில்லை. ஆகவே விதிகளை விட்டுவிட்டு, செய்ததைப் பார்த்துக் கற்றேன். மழைக்குப் பிறகு சாலை போட்டது குறைவு. விபத்துக்குப் பிறகு குறைவு. குடிமக்கள் கேட்டதற்காகப் போட்டது மிகக் குறைவு. உயர்ந்த பதவியில் இருப்பவர் வருவதற்கு முந்தைய நாள் போட்டதுதான் அதிகம். இதிலிருந்து சாலை என்பது பதவிக்குச் செய்யும் ஏற்பாடு என்று அறிந்துகொண்டேன். மற்றவர்களுக்குப் பின்தாங்கி இருக்கிறது."

வல்லி தன்மானத்தை எல்லாம் விட்டுவிட்டு, கெஞ்சினாள். "எனக்கு ஒரே ஒரு தங்கச்சி. ஒரே ஒரு நாள் மட்டும் சமன் பண்ணிக் குடு. புண்ணியமாப் போகும்."

"உங்கள் தங்கை எந்தப் பதவியில் இருக்கிறார்?"

"ஒரு பதவியிலயும் இல்ல. பிள்ளத்தாச்சி."

"அந்தப் பதவி என் பட்டியலில் இல்லை."

பேசியைப் பிடுங்கி எறியத்தான் கை போனது. ஆனால் எத்தனையோ ஷாக்குகளைப் பிரித்து மாட்டிய கை அது. உதைக்கிற விசையை எதிர்த்து முட்டாமல் மடக்கித் திருப்பிவிடுவதுதான் அவள் தொழில். கையை இறக்கிக்கொண்டு கேட்டாள்: "எங்க ஊர்த் தலைவரு நடுவூருக்குப் போனா சமன் பண்ணுவியா?"

"நிச்சயமாக. பதவியில் இருப்பவரின் கூண்டில் ஓட்டுநரும் கைக்குழந்தையும் தவிர வேறு யாரும் ஏற அனுமதி இல்லை. அவர் இதுவரை பயணம் எதுவும் கேட்டதில்லை."

மறுநாள் காலை மாசானமுத்துவின் வீட்டில் ஒரே ரகளை. பதவியை விட்டுக்கொடு என்றால் யாருக்குத்தான் நெஞ்சு கொதிக்காது?

"பதவிய எழுதிக் குடுத்துட்டு நான் என்ன செய்ய வல்லி? நாளைக்கு எந்தப் பய எனக்கு வணக்கம் வைப்பான்?"

"ஒரு வாரம் அண்ணாச்சி. பிள்ளப் பெத்துட்டு வந்ததும் கோமதி திருப்பித் தந்துருவா."

"பதவிய எவன் திருப்பித் தந்துருக்கான்? எனக்கு முன்னால இருந்தவன்கிட்ட நானும் ஒரு வாரம்னு சொல்லித்தான் வாங்குனேன்."

"அவ என் தங்கச்சி அண்ணாச்சி. அண்ணன்னு நெனச்சிதான் உங்க வாசல்ல வந்து நிக்கேன். அவள நீங்க தூக்கித் தூக்கி வெளையாடினது மறந்து போச்சா?"

மாசானமுத்து நாற்காலியின் கையைத் தடவிக்கொண்டே இருந்தார். ஒருமுறை கண்ணைத் துடைத்தார். பிறகு எழுந்து, பதவியை எழுதிக் கொடுத்து, தோளில் கிடந்த தலைவர் பட்டையைக் கழற்றி, வல்லியோடு நடந்துபோய், படுத்துக் கிடந்த கோமதியின் தோளில் மாட்டிவிட்டார். "வயித்துப் பிள்ளையோட நல்லபடியா வா தாயி" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். மனிதன் ஒருநாள் பெரிய மனிதனாக நடந்துகொண்டதற்குச் செவ்வாயில் அதைவிடப் பெரிய சாட்சி கிடையாது.

ஊர்த்தலைவர் கோமதி அவர்கள் நடுவூர் செல்கிறார் என்று தெரிவித்த உடனே சமனி கொட்டகையை விட்டுக் கிளம்பிவிட்டது. பனிவண்டிகள் நிறுத்தப்பட்டன. வல்லி பகல் முழுக்க உட்கார்ந்து கூண்டின் பின்தாங்கியை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பூட்டினாள். தடத்தை நம்பலாம் என்று தெரிந்தும் மனசு கேட்கவில்லை.

அவளே வண்டியை ஓட்டினாள். எல்லையைத் தாண்டியதும் பழக்கத்தில் உடம்பு தானாக இறுகியது. முதல் குழிக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டாள். குழி வரவில்லை. இரண்டாவதும் வரவில்லை. வண்டி பட்டுத்துணியில் விரல் ஓடுவதுபோல் போய்க்கொண்டே இருந்தது. பட்டைக்கடியில் தூள் தெறிக்கும் மெல்லிய சத்தம் மட்டும் கேட்டது. இத்தனை வருடமாக இந்தத் தடத்தில் செத்த ஷாக்குகளையும், அளவுகோலில் குறைந்துபோன ஆட்களையும் வல்லி எண்ணிப் பார்த்தாள். இப்படித்தான் எப்போதும் இருந்திருக்கலாம். ஒரு செலவுமில்லை, ஒரு சிரமமுமில்லை, எந்திரம் கொட்டகையில் சும்மாதான் நின்றது. தலைக்கவசத்துக்குள் கண்ணீரைத் துடைக்க வழியில்லாமல் அவள் அழுதுகொண்டே ஓட்டினாள்.

கோமதிக்கு ஒரு சொட்டு ரத்தம் போகவில்லை. பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம்.

பிறகு நடந்ததை விதி என்று சொல்லலாம், வழக்கம் என்றும் சொல்லலாம். பச்சைக் குழந்தையோடு திரும்பி வர வேண்டும், குழந்தையின் கழுத்து நிற்காது, குலுங்கக் கூடாது. ஆகவே பதவி இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றார்கள். மாசானமுத்துவும் சரி என்றார். அடுத்துத் தடுப்பூசிக்குப் போக வேண்டியிருந்தது. அதற்கடுத்து, தலைவர் நேரில் வந்தால் நன்றாயிருக்கும் என்று நடுவூரில் ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டார்கள். கோமதி போனாள். நன்றாகவே பேசினாள். அடுத்த கூட்டத்துக்கும் கூப்பிட்டார்கள். அவள் போகிற நாளிலெல்லாம் தடம் சமனானது, அவள் வந்து சேர்ந்த மறுநிமிடம் பனிவண்டிகள் பாய்ந்தன. உதிரிப்பாகம் பாதியாகிவிட்டதால் வல்லி பழைய ஷாக்குகளிலேயே ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருந்தாள்.

மாசானமுத்து பதவியை ஆட்சிப்பொறியிடம் திருப்பிக் கேட்க நடுவூருக்கு ஒருமுறை சாதாரண வண்டியில் போய் வந்தார். தலைவரான நாளுக்குப் பிறகு அவர் அந்தத் தடத்தை முதன்முதலாகச் சந்தித்தது அன்றுதான். பட்டறை வாசலில் அளந்தபோது ஒன்றரை விரற்கடை குறைந்திருந்தார். அன்றிலிருந்து "தடத்தச் சமன் பண்ணு" என்று ஊரிலேயே அதிகமாகக் கத்துகிறவர் அவர்தான். பதவியில் இல்லாதவர் பேச்சை யார் கேட்பது?

அடுத்த வருடம், பனி வெட்டும் பேச்சியம்மாளுக்கு ஏழாம் மாதம். அவளுக்கும் குலுங்கக் கூடாது என்று மருத்துவமனை சொல்லிவிட்டது. வல்லி கொஞ்சமும் பதறவில்லை. வழிதான் தெரியுமே. தங்கை வீட்டுக்குப் போய், குழந்தையை மடியில் வைத்துக் கொஞ்சினாள். பிறகு விஷயத்தைச் சொன்னாள்.

"கோமு, பேச்சிக்கு நாள் நெருங்குது. பட்டையக் கழத்தி அவ தோள்ல போடு. பிள்ளப் பெத்துட்டு வரட்டும். இல்லன்னா தலைவரா நீயே பேசு, தெனமும் சமன் பண்ணணும்னு."

கோமதி தங்கையாக ஒரு நிமிடம் யோசித்தாள், தலைவராக ஒரு நிமிடம் யோசித்தாள். அவளுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

"எதுக்குக்கா? நான் வாரம் தவறாமப் போயிட்டு வாறேன். மடியில பிள்ள முழிக்காமத் தூங்குது. தடம் நல்லாத்தானே இருக்கு?"

"ஏட்டி, அது நீ போற அன்னிக்கு."

"எல்லாரும் ஒரே தடத்துலதானக்கா போறோம்? எனக்கு ஒரு குலுக்கல்கூடத் தெரியல." கோமதி அக்காவின் கையைப் பாசத்தோடு பிடித்துக்கொண்டாள். "தப்பா நெனைக்காத. எனக்கு என்னமோ பட்டறையிலதான் முன்ன மாதிரி வேலை நடக்கலன்னு தோணுது. ஊருல நாலு பேரு அப்படித்தான் பேசுதாவ. நான்தான் உனக்காக வாய மூடிட்டு இருக்கேன்."

சொன்னதில் ஒரு வார்த்தைகூட அவள் மனதறிந்து சொன்ன பொய் இல்லை. வல்லிக்கு அதுதான் தாங்கவில்லை. குழந்தையை இறக்கிவிட்டு எழுந்தாள். பட்டறைக்குப் போய், பேச்சியின் கூண்டுக்கு ஒட்டுப்போட்ட ஷாக்குகளில் எது தேறும் என்று ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்க ஆரம்பித்தாள்.